எர்த்

ஒரு கார் கிளம்பாமல் போவதற்கு இரண்டே காரணங்கள்தான் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் திருநெல்வேலி சந்திப்புப் பக்கம் பட்டறை வைத்திருந்த ஒரு மெக்கானிக். ஒன்று, கரண்ட் வரவில்லை. அல்லது, பெட்ரோல் வரவில்லை. இரண்டும் வந்தும் வண்டி கிளம்பவில்லையென்றால் கோளாறு வண்டியில் இல்லை, பார்க்கிறவனிடம் இருக்கிறது என்பார். வேடிக்கைப் பேச்சு என்றுதான் அப்போது எடுத்துக்கொண்டேன். அவருக்கு நான் செய்த ஒரு அநியாயத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று பல முறை உட்கார்ந்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அது காரைப் பற்றிய கட்டுரையாக ஆகிவிடவே கிழித்துப் போட்டேன். இந்தத் தடவை அப்படியே ஆகட்டும் என்று விட்டுவிடுகிறேன். காரைப் பற்றிச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது போலிருக்கிறது.

வண்டி 1978ஆம் வருடத்து அம்பாசிடர். 1988இல் மூன்றாவது ஆளாக நான் வாங்கினேன். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை ஆதாரமாகக் கொண்டு கொல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில் செய்யப்பட்ட வண்டி இது. 1950களின் பிற்பகுதியில் வெளிவர ஆரம்பித்து 2014இல் தயாரிப்பு நின்றதுவரை, முகப்பும் விளக்கும் கொஞ்சம் கொஞ்சம் மாறினவே தவிர உருவம் அதேதான். என்னுடையதில் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின். பானெட்டைத் தூக்கினால் எஞ்சினைச் சுற்றி ஏராளமான காலியிடம். ஓரத்தில் குனிந்து பார்த்தால் தரை தெரியும். எந்தக் குழாய் எங்கிருந்து புறப்பட்டு எங்கே போகிறது என்பதைக் கண்ணாலேயே பின்தொடரலாம். ஒளித்து வைத்தது எதுவும் இல்லை என்ற நம்பிக்கையை அந்த வண்டி உண்டாக்கியது. பிற்பாடு நான் தடுக்கி விழுந்தது இந்த நம்பிக்கையில்தான்.

முதல் மூன்று வருடங்களில் சில்லறை வேலைகளை நானே கற்றுக்கொண்டேன். பட்டறையில் டெல்கோ என்று சொல்லும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, பாயிண்ட் முனைகள் கருகியிருந்தால் உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளியை 0.015 அங்குலத்துக்கு வைப்பேன். பிளக்குகளைக் கழற்றிச் சுத்தம் செய்து 0.025 அங்குலத்துக்கு வைப்பேன். பிளக் ஒயர்களை மாற்றி மாட்டிவிடாமலிருக்க 1-3-4-2 என்ற வரிசை மந்திரம் மாதிரி மனப்பாடம். மழைநாள் காலையில் வண்டி கிளம்ப மறுத்தால் டெல்கோ மூடியின் உட்புறத்தைக் காய்ந்த துணியால் துடைத்தால் போதும் என்பது தெரிந்தது. பிளக்கின் முனை கறுத்துப் புகைபடிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது, வெளுத்திருந்தால் போதவில்லை, காப்பிப்பொடி நிறத்திலிருந்தால் சரி. ஒரு எஞ்சினின் உள்ளே நடப்பதை நான்கு பிளக்குகளின் நிறத்திலிருந்து ஊகித்துவிட முடியும் என்பது எனக்குப் பெரிய சந்தோஷத்தைத் தந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கைநகத்தில் கிரீஸுடன் உட்கார்ந்து கவிதை படித்திருக்கிறேன்.

மெக்கானிக் எனக்குச் சொன்ன இன்னொரு விதி: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. பாயிண்ட்டையும் மாற்றி, கண்டென்சரையும் மாற்றி, கார்புரேட்டரையும் துடைத்து வண்டி ஓடிவிட்டதென்றால், வண்டிதான் சரியாயிற்று. உனக்கு ஒன்றும் தெரியவில்லை. அடுத்த முறை அதே கோளாறு வந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இதைவிடத் தெளிவாக விசாரணைமுறை என்பதைப் பற்றி எந்தப் புத்தகமும் எனக்குச் சொன்னதில்லை.

1991 செப்டம்பரில், ஐப்பசி மழை வருவதற்குள் வண்டியின் அடிப்பாகத்தைத் துருவிலிருந்து காப்பாற்றிவிடுவது என்று தீர்மானித்தேன். இரண்டு சனி, ஞாயிறுகள். செங்கல் அடுக்கி, பலகை போட்டு, கீழே படுத்துச் சுரண்டி, சிவப்பு ரெட் ஆக்சைடு ஒரு பூச்சு, அதன் மேல் கறுப்புப் பெயிண்ட் இரண்டு பூச்சு. கைக்கு இடைஞ்சலாக இருந்தவற்றைக் கழற்றி, பெயிண்ட் காய்ந்ததும் மறுபடி மாட்டினேன். வெளியே வந்து குனிந்து பார்த்தபோது அடிப்பாகம் புது வண்டி மாதிரி பளபளத்தது. பக்கத்து வீட்டுக்காரரைக் கூட்டிவந்து குனியச் சொல்லிக் காட்டினேன்.

1992 ஜூலை. குற்றாலத்தில் சாரல். அம்மா, மனைவி, ஒன்பது வயது மகள் எல்லோரையும் கூட்டிப்போய்க் குளித்துவிட்டு இரவு பாளையங்கோட்டைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். பாவூர்சத்திரம் தாண்டி ஆலங்குளத்தில் டீ குடிக்க நிறுத்தினேன். திரும்ப வந்து செல்ஃப் போட்டால் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம். அவ்வளவுதான். மறுபடி 'டக்'. முகப்பு விளக்கு டீக்கடைச் சுவரில் பிரகாசமாக விழுந்துகொண்டிருந்தது. நான் ஒவ்வொரு முறை செல்ஃப் போட்டபோதும் அந்த வெளிச்சம் கொஞ்சம்கூட மங்கவில்லை. இதை நான் பார்த்தேன். பார்த்தேன் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். கடையில் இருந்தவர்கள் நாலு பேர் தள்ளினார்கள். இரண்டாவது கியரில் கிளட்சை விட்டதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. வீடு வந்து சேரும்வரை நிறுத்தவில்லை.

பேட்டரி போய்விட்டது என்று முடிவு செய்து மறுநாள் புது பேட்டரி வாங்கினேன். பத்து நாள் ஒழுங்காக ஓடியது. ஆகவே பேட்டரிதான் காரணம். பதினோராவது நாள் கல்லூரி வாசலில் மறுபடி 'டக்'. செல்ஃப் மோட்டாராக இருக்கும் என்று மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். கழற்றிப் பார்த்துவிட்டு, கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது, புஷ்ஷும் ஆட்டம் கண்டிருக்கிறது, மாற்றினால் நல்லது என்றார். மாற்றினார். மூன்று வாரம் ஓடியது. ஆகவே மோட்டார்தான் காரணம். பிறகு ஒரு காலையில் மறுபடி அதே 'டக்'.

ஒவ்வொரு பழுதுபார்ப்பும் சில நாட்களுக்கு வேலை செய்ததுதான் என்னைக் கெடுத்தது. எதுவுமே பலிக்காமலிருந்தால் யோசித்திருப்பேன். செய்த காரியத்துக்குப் பிறகு நோய் தணிந்தால், அந்தக் காரியத்தால்தான் தணிந்தது என்று நினைப்பது மனிதனுக்கு மூச்சுவிடுவது மாதிரி. பேட்டரியைத் தூக்கி வைக்கும்போதும், அடியில் படுத்து மோட்டாரைக் கழற்றும்போதும் வேறு ஏதோ ஒன்று அசைந்து, தற்செயலாக ஒழுங்காகி, மறுபடி கெட்டிருக்கலாம் என்ற எண்ணம் எனக்கு வரவில்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்ற விதியை நான் கடைப்பிடித்ததாகவே நம்பிக்கொண்டிருந்தேன்.

மெக்கானிக்கிடம் அன்று நடந்ததை முடிந்தவரை சரியாகச் சொல்ல முயல்கிறேன். மோட்டார் வேலைக்கு 280 ரூபாய் ஆகியிருந்தது. 150 கொடுத்திருந்தேன். மீதியைச் சம்பளம் வந்ததும் தருவதாகப் பேச்சு. நான் போனபோது அவர் ஒரு வேனுக்கு அடியில் இருந்தார். வெளியே வந்து, துணியில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்துவிட்டு,

"எர்த்தப் பாத்தியளா சார்?" என்றார்.

கேட்ட மாத்திரத்தில் எனக்குக் கோபம் வந்துவிட்டது. மோட்டார் சரியில்லையென்று சொன்னால் வேறு எதையோ கேட்கிறாரே. நழுவுகிறார் என்று தோன்றியது. "அண்ணாச்சி, பழைய பிரஷ்ஷையே தேய்ச்சுப் போட்டுட்டு புதுசுக்குக் காசு வாங்கியிருக்கீங்க" என்றேன். பட்டறையில் இரண்டு பையன்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவர், "வண்டிய விட்டுட்டுப் போங்க, பாத்துச் சொல்லுதேன்" என்றார். விடமாட்டேன் என்றேன். மீதி 130 ரூபாயும் தரமாட்டேன் என்றேன். அவர் பதில் பேசவில்லை. பையன்களைக் கூப்பிட்டு வண்டியைத் தள்ளிவிடச் சொன்னார். என்னால் ஏமாற்றுக்காரர் என்று சொல்லப்பட்ட ஒருவர் ஏற்பாட்டில் தள்ளப்பட்டுத்தான் நான் வீட்டுக்கு வந்தேன்.

கல்லூரியில் மூன்று பேரிடம் அவரைப் பற்றிச் சொன்னேன். மூன்று பேரும் அவரிடம் வண்டி விட்டுக்கொண்டிருந்தவர்கள். சொல்லும்போது விவரங்கள் சேர்ந்துகொண்டன. பழைய பிரஷ்ஷை என் கண்ணாலேயே பார்த்ததாக மூன்றாவது ஆளிடம் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

நவம்பர் மாதம், நல்ல மழை. காலையில் வீட்டு வாசலில் செல்ஃப் போட்டேன். 'டக்'. குளிருக்காக இருக்கலாம் என்று சோக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு மறுபடி போட்டேன். எஞ்சின் அரைச்சுற்று முனகியது. அதோடு சோக் குமிழ் சுட்டது. கையை எடுத்தேன். சோக் கம்பி உள்ளே போகும் உறையிலிருந்து மெல்லிய புகை. பிளாஸ்டிக் கருகும் நாற்றம்.

சோக் என்பது வெறும் இழுகம்பி. டாஷ்போர்டிலிருந்து கார்புரேட்டர் வரை போகிறது. அதில் மின்சாரத்துக்கு ஒரு வேலையும் கிடையாது. அது ஏன் சுட வேண்டும்? வாசற்படியில் உட்கார்ந்து, மூன்று மாதத்தில் முதல் தடவையாக, எதையும் மாற்றும் உத்தேசமில்லாமல் யோசித்தேன்.

வீட்டு மின்சாரத்துக்கு இரண்டு ஒயர்கள்: ஒன்றில் வந்து ஒன்றில் திரும்புகிறது. காரில் விளக்குக்கோ ஹாரனுக்கோ பெரும்பாலும் ஒரே ஒயர்தான் போகிறது. திரும்பி வருவதற்குத் தனி ஒயர் இல்லை. வண்டியின் இரும்பு உடலே திரும்பும் ஒயர். பேட்டரியின் ஒரு முனையை உடலோடு முடுக்கிவிடுகிறார்கள். இதைத்தான் எர்த் என்கிறோம். செலவும் எடையும் மிச்சம். ஆனால் எஞ்சின், உடலின் மேல் நேராக உட்காருவதில்லை. அதிர்ச்சி தெரியாமலிருக்க ரப்பர் கட்டைகளின் மேல் உட்காருகிறது. ரப்பர் அதிர்ச்சியைத் தடுப்பது மாதிரியே மின்சாரத்தையும் தடுக்கும். அதனால் எஞ்சினையும் உடலையும் இணைக்க, செம்புக் கம்பிகளைப் பின்னிய ஒரு சாண் பட்டை ஒன்று அடியில் இருக்கும். செல்ஃப் மோட்டார் எஞ்சினோடு முடுக்கப்பட்டது. அது சுழலும்போது இழுக்கும் நூறு ஆம்பியருக்கும் மேற்பட்ட மின்சாரம் அத்தனையும் அந்தப் பட்டை வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். பட்டை சரியில்லாவிட்டால் அது வேறு வழி தேடும். எஞ்சினையும் உடலையும் தொட்டுக்கொண்டிருக்கும் வேறு இரும்பு என்ன? சோக் கம்பி. குளத்து மதகை அடைத்துவிட்டால் தண்ணீர் எலிவளை வழியாகக் கரையை உடைத்துக்கொண்டு போகிற மாதிரி.

அப்படி நினைத்ததும் மற்றவை ஒவ்வொன்றாகத் தாமே விளங்கின. விளக்குகள் உடலில் பொருத்தப்பட்டவை. அவற்றுக்கு இந்தப் பட்டை தேவையில்லை. அதனால் பிரகாசமாக எரிந்தன. பேட்டரி செத்திருந்தால், செல்ஃப் போடும்போது விளக்கு மங்கியிருக்க வேண்டும். மங்கவில்லை என்றால் பேட்டரியில் சத்து இருக்கிறது, மின்சாரம் புறப்படவே இல்லை என்று அர்த்தம். தள்ளினால் கிளம்பியதற்கும் காரணம் இருந்தது. பிளக்கில் பொறி உண்டாக்க மூன்று நான்கு ஆம்பியர் போதும். அது எந்தச் சந்து வழியாகவும் திரும்பிவிடும். ஆலங்குளத்து டீக்கடைச் சுவரில் எல்லாம் எழுதியிருந்தது. நான் அதைப் படிக்கவில்லை.

இருந்தாலும் இந்தத் தடவை சோதித்துவிட்டே தொடுவது என்று, ஒரு 12 வோல்ட் பல்பில் இரண்டு ஒயர் கட்டினேன். ஒன்றை எஞ்சினில் வைத்தேன். இன்னொன்றை உடலோடு சேர்ந்த பேட்டரி முனையில் வைத்தேன். இரண்டும் மின்சாரத்துக்கு ஒரே இடமாக இருக்க வேண்டியவை. பல்பு எரியக் கூடாது. மகளை உட்காரவைத்துச் செல்ஃபை ஒரு நொடி போடச் சொன்னேன். பல்பு பளிச்சென்று எரிந்தது. "எரியுதுப்பா!" என்று அவள் கைதட்டினாள்.

அடியில் படுத்தேன். பட்டை இருந்தது. நன்றாகவே இருந்தது. ஒரு முனை எஞ்சினில். இன்னொரு முனை உடலில், என்னுடைய அழகான கறுப்புப் பெயிண்டின் மேல், அதற்கடியில் இருந்த ரெட் ஆக்சைடின் மேல், கெட்டியாக முடுக்கப்பட்டிருந்தது. முடுக்கியவன் நான். போன வருடம் கைக்கு இடைஞ்சல் என்று கழற்றி, பெயிண்ட் காய்ந்ததும் மாட்டியவன். பெயிண்ட் மின்சாரத்தை விடாது. இத்தனை மாதம் போல்ட்டின் மரை வழியாக ஏதோ கொஞ்சம் போய்க்கொண்டிருந்திருக்கிறது. மரையில் துரு ஏற ஏற அதுவும் குறைந்திருக்கிறது. போல்ட்டைக் கழற்றி, அந்த இடத்தில் பத்துப் பைசா அகலத்துக்குப் பெயிண்டைச் சுரண்டி, வெள்ளை இரும்பு தெரியும்வரை உப்புத்தாள் போட்டு, பட்டையை வைத்து முடுக்கினேன். கால் மணி நேர வேலை. செலவு ஒரு உப்புத்தாள். செல்ஃப் போட்டதும் எஞ்சின் வருடக்கணக்கில் எடுக்காத வேகத்தில் எடுத்தது.

சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. கண்டுபிடித்த சந்தோஷம் முழுசாக ஒரு மணி நேரம் இருந்தது. குளித்துக்கொண்டிருந்தபோதுதான் "எர்த்தப் பாத்தியளா சார்?" என்ற கேள்வி திரும்பி வந்தது.

அப்போது இந்த மாதிரிப் பத்திரிகைகளில் மதிப்புரைகள் எழுதிக்கொண்டிருந்தேன். அந்த வாரம் என் பழைய மதிப்புரை ஒன்றை எடுத்துப் பார்த்தேன். ஒரு கவிதைத் தொகுப்பைப் பற்றி, தனித்தனி வரிகள் ஒளிவிடுகின்றன, ஆனால் கவிதைகள் நகரவில்லை என்று எழுதியிருந்தேன். விளக்கு மங்கவில்லை, செல்ஃப் எடுக்கவில்லை: அதே குறிகள். கவிஞரின் பேட்டரியில் சத்தில்லை என்பது என் முடிவு. வாசகன் பக்கத்துப் பட்டையைப் பற்றி அதில் ஒரு வாக்கியம் இல்லை. கிளம்பாத கவிதைக்கெல்லாம் வாசகன்தான் பொறுப்பு என்று சொல்லவரவில்லை. செத்த பேட்டரிகள் நிறையவே உண்டு. ஆனால் செத்ததா இல்லையா என்பதற்குச் சோதனை உண்டு. சொல் வருகிற வழி பக்கத்தில் அச்சாகித் தெரிகிறது. அது திரும்பிப் போகிற வழி நம்முடைய உடல்தான். எந்தக் காலத்தில் எதற்குப் பயந்து எங்கே பெயிண்ட் அடித்தோம் என்பது நமக்கே ஞாபகமில்லை. அந்தக் கவிஞருக்கு ஒரு கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. வரவேண்டிய அவசியமும் இல்லை.

மெக்கானிக்கிடம் போவதற்கு மூன்று வாரம் ஆயிற்று. 130 ரூபாயைக் கவரில் போட்டு வைத்திருந்தேன். மன்னிப்புக் கேட்கும் வாக்கியங்களைத் தயாரித்துக்கொண்டு போனேன். அவர் கவரை வாங்கி, எண்ணாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நான் ஆரம்பித்த வாக்கியத்தை முடிக்க விடாமல்,

"பெயிண்ட்டச் சுரண்டுனியளா?" என்று கேட்டார்.

பெயிண்ட் என்று நான் சொல்லவில்லை. "உங்களுக்கு எப்படித் தெரியும் அண்ணாச்சி?" என்றேன்.

"மோட்டாரக் கழத்தும்போது கறுப்பாக் கெடந்துச்சே, அடிப்பக்கம் பூரா. அதான அன்னைக்குக் கேட்டேன்."

அப்புறம் டீ வாங்கிவரச் சொன்னார். பிள்ளை என்ன படிக்கிறாள் என்று கேட்டார். வேறு எதுவும் பேசவில்லை. வண்டி இருக்கும்வரை அவரிடம்தான் விட்டேன். முன்பு மாதிரியே வேலை பார்த்தார். முன்பு மாதிரி எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். கல்லூரியில் சொன்ன வார்த்தை இருக்கிறதே, அதற்குத் திரும்பும் வழியைக் கண்டுபிடிப்பதுதான் பாடு. மூன்று பேரிடமும் தனித்தனியாகப் போய், நான் சொன்னது பொய், கோளாறு என்னுடையது என்று சொன்னேன். ஒருவர் சிரித்தார். ஒருவர், "அதனால என்ன சார், அவங்க எல்லாம் அப்படித்தான்" என்றார். என் பொய் அவருக்குள் எப்போதோ பொது அறிவாகிவிட்டிருந்தது. மூன்றாமவர் அதற்குள் வேறு பட்டறைக்குப் பழகிவிட்டார். அந்தப் பட்டறை அவர் வீட்டுக்குப் பக்கம் என்றார்.

வண்டியை 2003இல் விற்றேன். அதுவரை அந்தப் பத்துப் பைசா இடத்துக்கு மட்டும் பெயிண்ட் அடிக்கவில்லை. வெறும் இரும்பு துருப்பிடிக்கும் என்பது தெரியும். வருடத்துக்கு ஒரு முறை, மழைக்கு முன்னால், கீழே படுத்து, போல்ட்டைக் கழற்றி, சுரண்டி, மறுபடி முடுக்கி, மேலே கொஞ்சம் வாஸ்லின் தடவிவிடுவேன். வாங்கியவரிடம் ஒரு தாளில் மற்ற விவரங்களோடு இதையும் எழுதிக் கொடுத்தேன்.